சர்வருக்கு ஆர்டர் போடும் முன் ஓஎஸ் பதிப்பைப் பாருங்கள்

புது சர்வரை ரேக்கில் ஏற்றி, கேபிள் எல்லாம் மாட்டி, இன்ஸ்டாலரை ஓடவிட்டால் ஒரு டிஸ்க்கைக்கூடக் காட்டவில்லை. பயாஸில் நான்கு எஸ்எஸ்டியும் தெரிகின்றன, பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டும் கட்டியாயிற்று. டிஸ்க்கில்தான் பழுது என்று நினைத்து ஒரு நாள் முழுக்கக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் பார்த்தால் ரெய்டு கார்டு புதுத் தலைமுறை, நாங்கள் போட வந்த லினக்ஸ் பதிப்போ அதற்குப் பல ஆண்டுகள் முன்னால் வந்தது, அதன் கர்னலில், அதாவது ஓஎஸ்ஸின் மையப் பகுதியில், இந்தக் கார்டை இயக்கும் டிரைவரே கிடையாது.

கொட்டேஷனில் 'லினக்ஸ் சப்போர்ட் உண்டு' என்று இருந்தது உண்மைதான். எந்தப் பதிப்பு என்று யாரும் கேட்கவில்லை.

பதிப்பு என்றால் முதல் எண் மட்டும் போதாது. ரெட் ஹாட் நிறுவனத்தின் லினக்ஸான ரெட் ஹாட் 8 முழுக்க கர்னல் 4.18தான், ஆனால் புது டிரைவர்களை 8.4, 8.6, 8.8 என்று இடைப்பதிப்புகளில் சேர்த்துக்கொண்டே வந்தார்கள், அதனால் 8.8-இல் ஓடும் கார்டு 8.4-இல் தெரியாமலே போகலாம். சர்வர் தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியல், ஓஎஸ் நிறுவனத்தின் ஆதரவுப் பட்டியல், இரண்டிலும் உங்கள் மாடலைத் தேடுங்கள். அப்புறம் ரெய்டு கார்டு, நெட்வொர்க் கார்டு ஒவ்வொன்றின் மாடல் எண்ணையும் தனியாகத் தேடுங்கள், ஏனென்றால் ஒரே சர்வர் மாடலில் நான்கைந்து விதமான கார்டு போட்டுத் தருவார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ரெட் ஹாட் 8 வந்தபோது பழைய ரெய்டு கார்டுகள் சிலவற்றுக்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள். ஒரே சர்வரில் பல ஓஎஸ்களை ஓட்ட உதவும் ஹைப்பர்வைசர்களில் ஒன்றான, 2020-இல் வந்த ஈஎஸ்எக்ஸ்ஐ 7.0-இலும் பழைய வகை டிரைவர்கள் போய்விட்டன. ரெட் ஹாட் 10 ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி இல்லாத இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் ஓடாது. பழைய சர்வரில் ஓஎஸ்ஸை மட்டும் உயர்த்தப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஆதரவு முடியும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்: சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸுக்கு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் சர்வர் 2016-க்கு 2027 ஜனவரி 12.

எங்கள் சர்வரில் கடைசியில் புது ஹைப்பர்வைசர் போட்டு, பழைய லினக்ஸை விஎம்மாக (மெய்நிகர் கணினியாக) ஏற்றினோம். விஎம்முக்குத் தெரிவது மெய்நிகர் டிஸ்க் மட்டும்தான், அடியில் எந்த ரெய்டு கார்டு இருக்கிறது என்பது அதற்குத் தேவையில்லை. ஆனால் அப்ளிகேஷன் கொடுத்தவர்கள் விஎம்மில் ஓட்டினால் சப்போர்ட் தருவார்களா என்று எழுத்தில் வாங்க இரண்டு வாரம் ஆனது. அதுவரை சர்வர் ரேக்கில் சும்மாதான் இருந்தது.