வாளி எப்போது காலியானது?

அடியில் சின்ன ஓட்டை விழுந்த ஒரு பிளாஸ்டிக் வாளியை நிரப்பி முற்றத்தில் வையுங்கள். முதலில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். மட்டம் இறங்க இறங்க வேகம் தளர்ந்து, கடைசியில் ஓட்டையோரம் கசிந்து நின்றுவிடும். நிற்கும் தண்ணீரின் உயரத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால், அதற்கு ஏற்றபடிதான் வெளியேறும் வேகம் இருக்கும் என்று இத்தாலியின் டாரிசெல்லி 1644-இல் எழுதினார். உயரம் நான்கு மடங்கு என்றால் வேகம் இரண்டு மடங்கு.

கணக்கு எளிதாக வர, உயரம் குறையும் வீதம் அதன் வர்க்கமூலத்தைப் போல் இரு மடங்கு என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் இப்போதைய அளவையும் அது மாறும் வீதத்தையும் இப்படி முடிச்சுப் போட்டுவிட்டால், அதுதான் வகைக்கெழுச் சமன்பாடு. இதன் தீர்வும் அழகானது: காலியாக இன்னும் எத்தனை நிமிடம் மீதியோ, அதன் வர்க்கம்தான் உயரம். 3 நிமிடம் மீதி என்றால் உயரம் 9. குறையும் வீதம் 6. சரியாகப் பொருந்துகிறது.

இப்போது நீங்கள் வெளியே போய்விட்டு மதியம் 12 மணிக்குத் திரும்புகிறீர்கள். வாளி காலி. எப்போது காலியானது? 11 மணிக்கா, 10 மணிக்கா, இல்லை அதில் யாரும் தண்ணீரே பிடிக்கவில்லையா? இந்த எல்லாக் கதைகளுக்கும் சமன்பாடு ஒத்துக்கொள்கிறது. நிரம்பிய வாளியிலிருந்து முன்னோக்கிப் போனால் ஒரே ஒரு எதிர்காலம்தான். காலி வாளியிலிருந்து பின்னோக்கிப் போனாலோ எண்ணற்ற கடந்தகாலங்கள்.

முதுகலைக் கணிதத்தில் வகைக்கெழுச் சமன்பாடு என்ற பாடம் பெரும்பாலும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. பி.எஸ்சி.யில் மாறிகளைப் பிரிப்பது, தொகையீட்டுக் காரணி என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு வழி கற்றுத் தேர்ந்து வருகிறோம். எம்.எஸ்சி. வகுப்பில் முதல் சில வாரங்கள் ஒரு சமன்பாட்டைக்கூடத் தீர்ப்பதில்லை. தீர்வு இருக்கிறதா, அது ஒன்றுதானா, எவ்வளவு காலம் நீடிக்கும் என்றே பேச்சு ஓடும். இதில் மனம் சோர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் முதலிலேயே சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நேரத்தின் வர்க்கத்தோடு ஓர் அளவின் வர்க்கத்தைக் கூட்டினால் வருவதே அந்த அளவு மாறும் வீதம் என்று ஒரு சமன்பாடு எழுதுங்கள். பார்க்க எவ்வளவு எளிது! அதன் தீர்வைப் பள்ளியில் பழகிய சார்புகளாலும் தொகையிடுதலாலும் (மாறும் வீதத்திலிருந்து அளவைத் திரும்பப் பெறுவது) எழுதவே முடியாது என்று பிரான்சின் கணிதவியலாளர் லியூவில் 1841-இல் நிறுவிவிட்டார். சூத்திரம் கிடைக்காதபோது, தீர்வு என்று ஒன்று இருப்பதை எப்படி நம்புவது?

பிரான்சின் பிக்கார் 1890-இல் முன்வைத்த வழி எனக்கு இன்றும் வியப்புத் தருகிறது. தவறான விடையோடு தொடங்கு, சமன்பாடே அதைத் திருத்தட்டும் என்பதுதான் அது. ஓர் அளவு மாறும் வீதம் அந்த அளவுக்கே சமம், தொடக்கத்தில் அளவு 1 என்று கொள்வோம். முதல் ஊகம்: எப்போதும் 1. அப்படியானால் வீதமும் 1. அதைத் தொகையிட்டால் 1 + நேரம். இதையே மறுபடி வீதமாக வைத்துத் தொகையிட்டால், நேரத்தின் வர்க்கத்தில் பாதி கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். நேரம் 1 ஆகும்போது ஊகங்கள் 1, 2, 2.5, 2.667, 2.708 என்று நகர்ந்து உண்மையான விடையான 2.718-ஐ நெருங்குகின்றன. ஒவ்வொரு திருத்தமும் முந்தையதைவிடச் சிறியது.

திருத்தங்கள் இப்படிச் சுருங்க ஒரு உத்தரவாதம் வேண்டும். இரண்டு அளவுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை ஒரு நிலையான எண்ணால் பெருக்கினால், அவற்றின் வீதங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் அதற்குள் அடங்கவேண்டும். லிப்ஷிட்ஸ் நிபந்தனை என்பது இதுதான். வாளியில் இது எங்கே உடைகிறது என்று பாருங்கள். உயரம் 0, 0.01 என்ற இரண்டின் வர்க்கமூலங்கள் 0, 0.1, வித்தியாசம் 10 மடங்கு பெருகுகிறது. 0, 0.0001 என்றால் 100 மடங்கு. காலியை நெருங்க நெருங்க இதற்கு எல்லையே இல்லை. நாம் கடந்தகாலத்தைத் தொலைத்த அதே புள்ளி! வீதம் தொடர்ச்சியாக இருந்தாலே தீர்வு இருக்கும் என்று இத்தாலியின் பியானோ நிறுவினார். ஆனால் அது ஒன்றுதான் என்று சொல்ல அந்தத் தொடர்ச்சி போதாது.

மூன்றாவது கேள்வி ஆயுள் பற்றியது. வீதம் அளவின் வர்க்கத்துக்குச் சமம், தொடக்கம் 1 என்று எடுங்கள். லிப்ஷிட்ஸ் நிபந்தனை எந்தப் புள்ளியின் அருகிலும் உடையவில்லை. தீர்வும் ஒன்றே ஒன்றுதான். நேரம் 0.9-இல் அளவு 10, 0.99-இல் 100, 0.999-இல் 1000. நேரம் 1-ஐத் தொடும் முன்பே எல்லா எல்லைகளையும் தாண்டிவிடுகிறது. அதற்குமேல் தீர்வு கிடையாது. சமன்பாட்டை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்த 1 எங்கும் எழுதியிருக்காது. தொடக்கத்தை 2 என்று மாற்றினால் ஆயுள் பாதியாகிவிடும்.

இதே சமன்பாட்டைத் தொடக்கம் 1 என்றே கணினியில் கொடுத்து, ஆய்லர் முறையில், அதாவது ஒவ்வொரு படியின் தொடக்கத்தில் உள்ள வீதத்தையே அந்தப் படி முழுக்க வைத்துக்கொண்டு, 0.1 நீளப் படிகளாக நடக்கச் சொல்லுங்கள். பத்தாவது படியில், நேரம் 1 ஆகும்போது, எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் சுமார் 6.13 என்று விடை வரும்.