கணிதம் படிக்காதவருக்கு மென்பொருள் பொறியியல்: அடித்தள ஆண்டு யாருக்குத் தேவை?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் மருத்துவக் கனவோடு பதினொன்றாம் வகுப்பில் தாவரவியல், விலங்கியல் பிரிவை எடுத்த பிள்ளைகள் ஏராளம். நீட் மதிப்பெண் கைகொடுக்காத நிலையில் அவர்களில் பலர் ஜூன் மாதத்தில் திடீரென்று மென்பொருள் துறையை நோக்கித் திரும்புகிறார்கள். ஓசூரைத் தாண்டினால் பெங்களூர் என்பதும், ஐ.டி. நிறுவனத்தில் பணிபுரியும் உறவினர் ஒருவராவது ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பதும் அதற்குப் போதுமான காரணங்கள். ஆனால் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃப் கணக்கில் 100 கணிதத்துக்கும், மீதி 100 இயற்பியல், வேதியியல் இரண்டுக்கும் உரியது என்பதால், கணிதம் படிக்காத மாணவர் பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியிலோ செட்டிக்கரையில் உள்ள தருமபுரி அரசுப் பொறியியல் கல்லூரியிலோ கணினி அறிவியல் இடம் கேட்க வழியில்லை. வணிகவியலோடு கணினிப் பயன்பாடுகள் படித்தவரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அப்போதுதான் யாராவது ஒருவர், "பிரிட்டனில் ஒரு வருடம் ஃபவுண்டேஷன் படித்தால் நேராக சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்" என்ற செய்தியோடு வந்து சேர்கிறார்.

செய்தி பொய்யல்ல. ஆனால் அது யாருக்காக ஏற்பட்ட வழி, அதற்கு என்ன செலவாகும், அதே இடத்துக்கு இங்கிருந்தே செல்லும் வழிகள் எவை என்பவை சொல்லப்படுவதில்லை. பெங்களூரில் மென்பொருள் சோதனைப் பணியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது கிருஷ்ணகிரியில் உயர்கல்வி ஆலோசகராகப் பணிபுரிகிறேன். எந்தப் பல்கலைக்கழகத்திடமும் நான் தரகுத்தொகை பெறுவதில்லை. குடும்பங்கள் தரும் ஆலோசனைக் கட்டணம் மட்டுமே என் வருமானம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பிரிட்டனின் பெரும்பகுதியில் இளநிலைப் பட்டம் மூன்றாண்டுப் படிப்பு. அதன் முன்னால் ஓராண்டைச் சேர்த்து நான்காண்டுப் படிப்பாகத் தருவதே அடித்தள ஆண்டு. (ஸ்காட்லாந்தில் பட்டப்படிப்பே நான்கு ஆண்டுகள் என்பதால் அங்கே கணக்கு வேறு.) பள்ளி இறுதியில் வேறு பாடங்களைப் படித்துவிட்டுத் துறை மாற விரும்புபவர்கள், இடையில் சில ஆண்டுகள் படிப்பை விட்டிருந்தவர்கள் ஆகியோருக்காகவே அது முதன்மையாக நடத்தப்படுகிறது. அந்த ஓராண்டின் தரநிலை நம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளின் தரநிலைதான். அதில் பெறும் மதிப்பெண்கள் பொதுவாகப் பட்டத்தின் வகுப்பைத் தீர்மானிக்கும் கணக்கில் சேர்வதில்லை. ஆனால் நிர்ணயிக்கப்பட்ட தேர்ச்சியைப் பெறாவிட்டால் முதலாம் ஆண்டுக்குள் நுழைய முடியாது. பாடத்திட்டத்தில் இயற்கணிதம், சார்புகள், மடக்கை, முக்கோணவியல், வகையிடல், பெரும்பாலும் பைத்தான் மொழியில் தொடக்கநிலை நிரலாக்கம், கல்விசார் ஆங்கிலம், அறிக்கை எழுதுதல் ஆகியவை இருக்கும். கடைசி இரண்டையும் நம் மாணவர்கள் குறைவாக மதிப்பிடுகிறார்கள். பிறர் எழுதியதை மேற்கோள் காட்டாமல் எடுத்தாள்வது அங்கே ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய குற்றம். வழிகாட்டிப் புத்தகத்தை மனப்பாடம் செய்து அப்படியே எழுதிப் பழகிய மாணவருக்கு அந்த ஓராண்டின் உண்மையான பயன் இந்தப் பழக்கத்தை விடுவதில் இருக்கிறது.

ஆகவே அடித்தள ஆண்டு குறிப்பிட்ட ஒரு குறையை நிரப்புவதற்கான ஏற்பாடு. அந்தக் குறை இல்லாதவருக்கு அது தேவையே இல்லை. கணிதமும் இயற்பியலும் படித்து நல்ல மதிப்பெண் பெற்ற தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்ட மாணவர்களைப் பல பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் நேரடியாக முதலாம் ஆண்டிலேயே சேர்த்துக்கொள்கின்றன. எதிர்பார்க்கும் சதவீதம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், அவ்வளவுதான். அப்படியிருந்தும் முதல் பிரிவு மாணவர்கள் அடித்தள ஆண்டுக்கான அனுமதிக் கடிதத்தோடு என்னிடம் வருவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். முகவர்களுக்குப் பல்கலைக்கழகமோ அதன் கூட்டாளிக் கல்லூரியோ மாணவர் தலைக்கு இவ்வளவு என்று தரகு கொடுக்கிறது. நுழைவு நிபந்தனை தளர்வாக உள்ள படிப்பில் அனுமதி விரைவாகக் கிடைக்கிறது. முகவர்கள் எல்லாரும் ஏமாற்றுபவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "என் மகனுக்கு நேரடியாக முதலாம் ஆண்டு ஏன் கிடைக்காது?" என்ற கேள்விக்கு எழுத்துப்பூர்வமான பதில் வாங்காமல் முன்பணம் கட்டக் கூடாது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது, ஒரே பெயரில் இருவகைப் படிப்புகள் விற்கப்படுகின்றன என்பது. ஒன்று, பல்கலைக்கழகமே நடத்தும் ஒருங்கிணைந்த நான்காண்டுப் படிப்பு. அடித்தள ஆண்டு அதன் முதல் பகுதி. மற்றொன்று, பல்கலைக்கழக வளாகத்திலோ அருகிலோ ஒரு தனியார் கல்லூரி நடத்தும் தனி அடித்தளப் படிப்பு. அதை முடித்து, குறிப்பிட்ட மதிப்பெண் பெற்ற பின்னரே பட்டப்படிப்பில் இடம். விசா விதிகளில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு உண்டு. பட்டநிலைப் படிப்புக்கு அனுமதி பெற்றவர் பருவக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம்; பட்டநிலைக்குக் கீழ்ப்பட்ட படிப்பு என்றால் 10 மணி நேரம்தான். தனி அடித்தளப் படிப்பை முடித்தவர் பட்டப்படிப்புக்காக மீண்டும் விசாவுக்கு விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தவும் வேண்டியிருக்கும். அனுமதிக் கடிதத்தில் படிப்பின் காலம் ஓராண்டு என்றிருக்கிறதா, நான்காண்டு என்றிருக்கிறதா என்று பார்த்தாலே இது எந்த வகை என்பது புலப்பட்டுவிடும்.

இனிப் பணம். பல்கலைக்கழக இணையதளங்களில் 2025-26ஆம் ஆண்டுக்கு 9,535 பவுண்டு என்ற கட்டணத்தைப் பார்த்துவிட்டு மகிழ்பவர்கள் உண்டு. அது இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவர்களுக்கான உச்சவரம்பு. வெளிநாட்டு மாணவருக்கு அந்த வரம்பு கிடையாது. கணக்குப் புரிவதற்காக ஆண்டுக் கட்டணம் 16,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். விசா பெற, வாழ்க்கைச் செலவுக்கு லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதங்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அது 10,539 பவுண்டு. இரண்டையும் கூட்டினால் 26,539. லண்டன் என்றால் மாதத்துக்கு 1,529. இவற்றுக்கு அப்பால் மாணவர்களுக்கான சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு; நான்காண்டுப் படிப்புக்கான விசா நான்கரை ஆண்டுக் கணக்கில் வந்தால் 3,492 பவுண்டை விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகச் செலுத்தியாக வேண்டும். அடித்தள ஆண்டைச் சேர்ப்பது என்பது இந்தச் செலவுகள் அனைத்திலும் ஓராண்டைச் சேர்ப்பது.

கல்விக்கடன் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் மாவட்டங்களின் குடும்பங்கள் சிக்கிக்கொள்வது இதில்தான். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணை தேவை. ஆனால் போச்சம்பள்ளியிலும் காவேரிப்பட்டணத்திலும் குடும்பத்தின் சொத்து என்பது பெரும்பாலும் மாந்தோப்போ புன்செய் நிலமோதான். கடன் தவறினால் நீதிமன்றத்துக்குப் போகாமலே பிணையைக் கைப்பற்ற வங்கிகளுக்கு வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. ஆகவே அத்தகைய நிலத்தைக் கல்விக்கடனுக்குப் பிணையாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. இது தெரியாமல் "தோப்பை வைத்துக் கடன் வாங்கிக்கொள்ளலாம்" என்ற நம்பிக்கையில் முன்பணம் கட்டியவர்கள், கடைசி நேரத்தில் நிலத்தை விற்கவோ வட்டிக்கு வாங்கவோ தள்ளப்படுகிறார்கள். மத்திய அரசின் கல்விக்கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமி இந்தியாவில் உள்ள தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி நிறுவனங்களுக்கானது. வெளிநாட்டுப் படிப்புக்கு அதை எதிர்பார்க்க வேண்டாம். மேலும், படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும், வட்டி அந்தக் காலம் முழுவதும் ஏறிக்கொண்டே இருக்கும். மூன்றாண்டுப் படிப்பு நான்காண்டு ஆகும்போது, கடன் தொகையோடு வட்டி ஏறும் காலமும் கூடுகிறது.

வங்கிக் கணக்கில் பணம் "காட்டுவது" என்ற பெயரில் சிலர் செய்யும் ஏற்பாட்டையும் குறிப்பிட வேண்டும். தேவையான தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. இதற்காக ஒரு மாதத்துக்குக் கைமாற்றாக வட்டிக்கு வாங்கிப் போட்டு எடுத்துவிடுபவர்கள், பணத்தின் மூலம் பற்றிக் கேள்வி வரும்போது பதில் சொல்ல முடியாமல் விசாவை இழக்கிறார்கள். விசா கிடைத்துவிட்டாலோ, இரண்டாம் தவணைக் கட்டணத்துக்கு அங்கே பணமிருக்காது. வாரம் 20 மணி நேர வேலையைக் கொண்டு கல்விக் கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்ற கணக்கு எந்த ஊரிலும் சரிவராது.

இதே குறையை இங்கேயே நிரப்பிக்கொள்ள வழிகள் இருக்கின்றன. அவற்றில் அதிகம் பேசப்படாமலும், என் கருத்தில் முதலில் பரிசீலிக்க வேண்டியதாகவும் இருப்பது சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். பட்டப்படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுத்திருந்தாலும், பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும், ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்து, வாராந்திர ஒப்படைப்புகளை முடித்து, தகுதித் தேர்வில் தேறினால் அடித்தள நிலையில் சேரலாம். அந்த நிலையில் எட்டுப் பாடங்கள்: கணிதம் இரண்டு, புள்ளியியல் இரண்டு, ஆங்கிலம் இரண்டு, கணக்கீட்டுச் சிந்தனை ஒன்று, பைத்தான் ஒன்று. பிரிட்டனின் அடித்தள ஆண்டில் கற்பிப்பதோடு ஒப்பிட்டால் புள்ளியியலில் இது ஆழமானது. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கும் வருமானம் குறைந்த குடும்பத்தினருக்கும் 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. தேர்வுகளை நேரில் மையத்துக்குச் சென்று எழுத வேண்டும். படிப்பு எளிதல்ல, பாதியில் விடுபவர்களும் உண்டு. ஆனால் விட்டுவிட நேர்ந்தால் இழப்பு சில ஆயிரங்களில் இருக்குமே தவிர, தோப்பு போய்விடாது.

சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்ற கல்லூரிகளில் பி.சி.ஏ. படித்து, பின்னர் இரண்டாண்டு எம்.சி.ஏ. சேர்வது இன்னொரு வழி. எம்.சி.ஏ. சேர்க்கையில் பன்னிரண்டாம் வகுப்பிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் இருந்ததா என்று கேட்கப்படலாம் என்பதால், பி.சி.ஏ. பாடத்திட்டத்தில் கணிதத் தாள் உள்ளதா என்பதைச் சேரும் முன்பே பார்த்துவிட வேண்டும். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதும் நடைமுறையில் உள்ளது. காலம் கூடுதலாகும், செலவு மிகக் குறைவு.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்பு, மாணவர் தன்னைச் சோதித்துப் பார்க்க ஓர் எளிய முறையை நான் பரிந்துரைக்கிறேன். தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் அத்தியாயமான "கணங்கள், தொடர்புகள் மற்றும் சார்புகள்", பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தின் கடைசி அத்தியாயமான "தனிநிலைக் கணிதம்", பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தின் பைத்தான் பகுதி ஆகிய மூன்றையும் கோடை விடுமுறையில் தானாகவே படித்து, பயிற்சிக் கணக்குகளைப் போட்டுப் பார்க்கட்டும். புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வணிகவியல் பிரிவின் கணினிப் பயன்பாடுகள் புத்தகம் பேஜ்மேக்கர், பி.எச்.பி., மின்வணிகம் என்று பயன்பாட்டுப் பக்கம் நிற்பதால், அதில் நூற்றுக்கு நூறு வாங்கியதை மட்டும் வைத்துத் தகுதியை முடிவுசெய்ய முடியாது. இந்த மூன்று பகுதிகளையும் சலிப்பில்லாமல் முடிக்கும் மாணவருக்கு மென்பொருள் பொறியியல் பொருந்தும். முடிக்க முடியாதவரை வெளிநாட்டு வகுப்பறையில் உட்காரவைப்பதால் மட்டும் நிலைமை மாறிவிடாது.

மென்பொருள் பொறியியல் என்ற துறைப்பெயர் பரவலானது 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ ஆதரவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான். பெரிய மென்பொருள் திட்டங்கள் காலம் தவறியும் செலவு மீறியும் பிழை மலிந்தும் போனதே அன்றைய கவலை. இன்றும் நிரல் எழுதுவது இப்படிப்பின் ஒரு பகுதி மட்டுமே. பயனாளரின் தேவையைக் கேட்டு எழுதுவது, வடிவமைப்பது, சோதிப்பது, குழுவாகப் பராமரிப்பது ஆகியவை மற்ற பகுதிகள். நான் பணியாற்றிய இடங்களில் நிரல் எழுதத் தெரியாததால் தடுமாறியவர்களைவிட, வாடிக்கையாளர் எழுதிய இரண்டு பக்கத் தேவைக் குறிப்பைப் படித்துச் சரியான கேள்வி கேட்கத் தெரியாததால் தடுமாறியவர்களே அதிகம்.

இத்தனைக்குப் பிறகும் அடித்தள ஆண்டு பொருந்தும் மாணவர்கள் இருக்கிறார்கள். கணிதத்தில் உண்மையான ஆர்வமிருந்தும் பிரிவு மாறிப் படித்துவிட்டவர், விற்காமலும் வட்டிக்கு வாங்காமலும் நான்காண்டுச் செலவைத் தாங்கக்கூடிய குடும்பத்தைச் சேர்ந்தவர், வேலை அங்கேதான் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனை வைக்காதவர் ஆகிய மூன்றும் ஒருவரிடம் பொருந்தினால் நானே ஒருங்கிணைந்த படிப்பைப் பரிந்துரைத்திருக்கிறேன். மூன்றாவது நிபந்தனைக்குக் காரணம், படிப்புக்குப் பின் தங்கி வேலை தேடும் பட்டதாரி விசா 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளநிலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதங்களாகக் குறைகிறது. அதற்குப் பின்னான திறன்மிகு பணியாளர் விசாவுக்குப் பொதுவான ஊதிய வரம்பு 2025 ஜூலை முதல் 41,700 பவுண்டு. புதிய பட்டதாரிகளுக்குச் சலுகை உண்டென்றாலும் ஒவ்வொரு பணிக்கும் தனி விகிதமும் பார்க்கப்படுகிறது.

அப்படிப்பட்டவர்கள் செப்டம்பரில் சேர வேண்டுமானால், பன்னிரண்டாம் வகுப்பு முடிவுக்காகக் காத்திருக்காமல் முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். பல்கலைக்கழகச் சேர்க்கைத் துறைக்கு மாணவரே தன் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதட்டும்: அடித்தள ஆண்டைப் பல்கலைக்கழகமே நடத்துகிறதா, முதலாம் ஆண்டுக்குச் செல்ல எவ்வளவு மதிப்பெண் வேண்டும், தவறினால் மறுதேர்வு உண்டா, கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு உயரலாம், விசா மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்புமா. வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம் ஜூன் இறுதிக்குள் கையில் இருக்க வேண்டும். சொந்தச் சேமிப்பைக் காட்டுபவர்கள் 28 நாள் கணக்கை ஜூலையில் தொடங்கினால்தான், ஆகஸ்டில், சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் எண் வந்ததும் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும்.