முதுகில் ஒரு மின்கம்பி: முண்ணாண் தூண்டல் வலியை எவ்வாறு குறைக்கிறது?

கவ்வாத்து வெட்டிய மலையில் நடந்து பழகியவர்களுக்கு இது புதிதன்று. வெட்டுண்ட தேயிலைக் கிளை முழங்காலுக்குக் கீழே இடித்துவிட்டால் கை தானாகவே அந்த இடத்தைத் தேய்க்கும். தேய்த்துக்கொண்டிருக்கும்வரை வலியும் சற்று அடங்கியிருக்கும். காயம் மாறவில்லை, ஆனால் வலி மாறுகிறது. இதற்கு உடலியல் அடிப்படையிலான ஒரு விளக்கத்தை ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1965ஆம் ஆண்டு முன்வைத்தனர். வாயிற் கட்டுப்பாட்டுக் கொள்கை எனப்படும் அந்த விளக்கம் வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், அமெரிக்க நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரான நோர்மன் ஷீலி, புற்றுநோய் வலியால் துன்புற்ற ஒருவரின் முண்ணாணுக்கு (முள்ளந்தண்டினுள் ஓடும் நரம்புத் தண்டுக்கு) அருகே மின்வாய் ஒன்றைப் பொருத்தினார். நாட்பட்ட வலிக்கு இன்று வழங்கப்படும் முண்ணாண் தூண்டல் சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தோலிலிருந்தும் தசையிலிருந்தும் முண்ணாணுக்குச் செய்தி கொண்டுவரும் நரம்பிழைகள் ஒரே வகையானவை அல்ல. தொடுகை, அழுத்தம், அதிர்வு ஆகியவற்றை உணர்த்துபவை தடித்தவை, கொழுப்புறை போர்த்தியவை, அவற்றின் கணத்தாக்கங்கள் (நரம்பில் ஓடும் மின்செய்திகள்) செக்கனுக்கு ஏறத்தாழ 35 முதல் 75 மீற்றர் வரையான வேகத்தில் ஓடுகின்றன. நீடித்து எரியும் வலியைக் கொண்டுவரும் இழைகளோ மிக மெல்லியவை, உறையற்றவை. அவற்றின் வேகம் செக்கனுக்கு இரண்டு மீற்றரைக்கூடப் பெரும்பாலும் தாண்டுவதில்லை. இரு வகையும் முண்ணாணின் பின்புறத்தில் உள்ள சாம்பல் நிறப் பகுதியில் சந்திக்கின்றன. வலிச்செய்தியை மூளைக்கு அனுப்பும் நரம்புக்கலங்கள் அங்கே இருக்கின்றன; அவற்றின் வேகத்தைத் தணிக்கும் சிறிய தடை நரம்புக்கலங்களும் அவற்றினருகிலேயே இருக்கின்றன. தடித்த இழைகள் இந்தத் தடைக் கலங்களை உசுப்பிவிடுவதால், வலிச்செய்தி மேலே செல்வதற்கு முன்பே வலுவிழக்கிறது. தேய்த்த கை செய்தது இதைத்தான்.

தேய்ப்பதற்குத் தோலில் ஓர் இடம் வேண்டும். நரம்பே பழுதடைந்து, கால் முழுவதும் எரியும் ஒருவர் எதைத் தேய்ப்பது? முண்ணாண் தூண்டலின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. தடித்த இழைகள் முண்ணாணுக்குள் நுழைந்ததும் இரண்டாகப் பிரிகின்றன. ஒரு கிளை முண்ணாணின் பின்புறமாகவே மூளையை நோக்கி நேராக ஏறுகிறது. இன்னொன்று நுழைந்த மட்டத்திலேயே சாம்பல் நிறப் பகுதிக்குள் இறங்குகிறது. ஏறிச் செல்லும் கிளையை நடுவழியில் மின்துடிப்பால் தூண்டினால், கணத்தாக்கம் இரு திசையிலும் ஓடும். மேலே ஓடுவது மூளையை அடைந்து, காலில் எறும்பு ஊர்வது போன்ற விறுவிறுப்பாக உணரப்படுகிறது. கீழே ஓடுவது வந்த வழியே திரும்பி, பக்கக் கிளைகளினூடாக அந்தத் தடைக் கலங்களை எட்டுகிறது. காலை யாரும் தொடாமலே, தொட்டுத் தேய்த்ததன் பயன் முண்ணாணுக்குக் கிடைக்கிறது. இதுவே முழு விளக்கமும் அன்று: கருவியை அணைத்த பின்பும் சிலருக்கு வலி உடனே திரும்புவதில்லை என்பதால், மூளையிலிருந்து கீழிறங்கும் தடைப் பாதைகளுக்கும் இதில் பங்குண்டு என்று கருதப்படுகிறது.

பொருத்தும் முறையில் ஒரு வேடிக்கை உண்டு. வலி காலில், ஊசி நுழைவது இடுப்புக்குச் சற்று மேலே, மின்வாய் சென்று நிற்பதோ நடுமுதுகில். வளர்ந்தவர்களின் முண்ணாண் முதலாம், இரண்டாம் நாரி முள்ளந்தண்டென்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுவதுடன், காலுக்குரிய இழைகளை வசதியாகத் தூண்டக்கூடிய இடம் எட்டாம் முதல் பத்தாம் நெஞ்சறை முள்ளந்தண்டென்புகளின் அருகே இருப்பதுமே இதற்குக் காரணம். சீசர் சத்திரசிகிச்சைக்காக முதுகில் போடப்படும் ஊசி, முண்ணாணைச் சூழ்ந்த உறையைத் துளைத்துப் பாய்பொருளுக்குள் செல்கிறது. இந்த மின்கம்பி அந்த உறைக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. வழக்கமான முறையில், எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பார்த்தபடி கம்பியை மெல்ல மேலே தள்ளி, விழித்திருக்கும் நோயாளியிடம் விறுவிறுப்பு எங்கே தெரிகிறது என்று கேட்டுக் கேட்டே இடத்தை முடிவுசெய்வார்கள். வலிக்கும் இடத்தை விறுவிறுப்பு மூடவேண்டும்.

முதலில் சில நாட்களுக்கு, பெரும்பாலும் ஒரு வாரமளவில், மின்துடிப்பைத் தரும் கருவி உடலுக்கு வெளியே பட்டியில் கட்டப்பட்டிருக்கும். வலி பாதியாகவேனும் குறைந்தால் மட்டுமே கருவியைப் புட்டத்தின் மேற்பகுதியிலோ விலாவுக்குக் கீழோ தோலின் அடியில் நிரந்தரமாகப் பதிப்பார்கள். பெரிய செலவுக்கு முன்னர் இப்படி வெள்ளோட்டம் பார்க்க வாய்ப்பளிக்கும் சத்திரசிகிச்சைகள் அதிகமில்லை. இந்தச் சிகிச்சையின் ஆகச் சிறந்த அம்சம் இதுவே என்பது என் கணிப்பு.

பழைய கருவிகள் செக்கனுக்கு 40 முதல் 60 துடிப்புகள் அளவில் இயங்கின. அவற்றைப் பொருத்தியவர்கள் மல்லாந்து படுத்ததும் விறுவிறுப்பு திடீரெனக் கூடுவதை உணர்வார்கள். படுக்கும்போது முண்ணாண் பின்னோக்கிச் சாய்ந்து மின்வாயை நெருங்குகிறது. இடையிலுள்ள பாய்பொருளின் தடிப்பு குறைகிறது. அதே மின்னோட்டம் கூடுதலான இழைகளைத் தூண்டிவிடுகிறது. முண்ணாணின் மறுமொழியை அளந்து, மின்னோட்டத்தைத் தாமே கூட்டிக் குறைக்கும் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. செக்கனுக்கு 10,000 துடிப்புகள் தரும் வேறொரு வகையில் விறுவிறுப்பே தெரிவதில்லை. அது 2015இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நீரிழிவால் ஏற்படும் நரம்பு வலிக்கும் 2021இல் அங்கே அனுமதிக்கப்பட்டது. ஆனால் விறுவிறுப்பின்றியே வலி ஏன் குறைகிறது என்பதற்கு 1965ஆம் ஆண்டின் கொள்கை மட்டும் போதாது.

மலையகத்தில் இதைப் பற்றிப் பேசும்போது ஒன்றைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லவேண்டும். ஒரு நாள் பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, 18 கிலோ கொழுந்து கேட்கும் தோட்டங்கள் பல இருக்கின்றன. அந்தச் சுமையுடன் சரிவில் ஏறி இறங்கும் பெண்ணின் இடுப்புக் கடுப்பு, பெரும்பாலும் தசையும் மூட்டும் களைத்துத் தரும் வலியாகும். ஓய்வும் சுமைக்குறைப்பும் தசைப்பயிற்சியும் அதற்கு வேண்டும், மின்வாய் அதற்கானதன்று. முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை செய்து முடித்த பின்பும் இடுப்பிலிருந்து பாதம்வரை மின்னல் வெட்டுவது போலவோ, மிளகாய் தடவியது போலவோ நீடிக்கும் நரம்பு வலிக்கே இச்சிகிச்சை முதன்மையாக வகுக்கப்பட்டது. தோட்ட வைத்தியசாலையில் "இடுப்பு வலி" என்ற ஒரே சொல்லில் இரண்டும் பதிவாகிவிடுகின்றன. ஆகவே வலி எந்த வழியாக இறங்குகிறது, எரிகிறதா, கடுக்கிறதா, மரத்துப்போகிறதா என்று விரித்துச் சொல்வது வைத்தியருக்குப் பெரிய உதவியாகும்.

சான்றுகளும் ஒரே குரலில் பேசவில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் கால்வலி நீங்காத 100 பேரிடம் நடத்தி 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஆறு மாத முடிவில் தூண்டல் பெற்றோரில் 48 சதவீதத்தினருக்குக் கால்வலி பாதியோ அதற்கு மேலோ குறைந்திருந்தது. வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றோரில் அது 9 சதவீதமே. ஆனால் விறுவிறுப்பு தெரிவதால், தமக்குச் சிகிச்சை நடக்கிறதா இல்லையா என்பது நோயாளிக்குத் தெரிந்துவிடுகிறது. நம்பிக்கையே வலியின் ஒரு பகுதியைக் குறைத்துவிடலாம். விறுவிறுப்புத் தராத விட்டுவிட்டுத் துடிக்கும் முறையைப் பயன்படுத்தி நோர்வேயில் 50 பேரிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், கருவி இயங்கிய காலத்துக்கும் இயங்காத காலத்துக்கும் இடையே அன்றாடச் செயற்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அங்கே பயன்படுத்திய துடிப்பு முறை வழமையானதல்ல என்ற மறுப்பு எழுந்தது உண்மை. ஆயினும் "இது எல்லோருக்கும் கைகொடுக்கும்" என்று விற்பனையாளர் எவரேனும் கூறினால் அதை நான் நம்பமாட்டேன்.

கருவி பல ஆயிரம் டொலர் விலையுடையது. மின்னேற்றம் செய்ய முடியாத மின்கலம் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அப்போது இன்னொரு சிறு சத்திரசிகிச்சை வேண்டும். கிருமித்தொற்று ஏற்படலாம். கம்பி இடம் பெயர்வதுதான் அடிக்கடி நேரும் சிக்கல்: அதைச் சுற்றித் தழும்பு இறுகும்வரை, முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்குக் குனிவதும் முறுக்குவதும் பாரம் தூக்குவதும் கூடாது. கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு இந்த நிபந்தனை, சம்பளமில்லாத இரண்டு மாதங்கள் என்று பொருள்படும். கருவியின் துடிப்பு அளவுகளைத் திருத்தத் திரும்பத் திரும்பக் கிளினிக் செல்லவேண்டியும் வரும். மஸ்கெலியாவின் மேற்பிரிவுத் தோட்டமொன்றிலிருந்து பஸ் பிடித்துக் கண்டிக்குப் போய்வருவது ஒரு முழுநாள் வேலை. எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு முன்னர், பொருத்தியிருப்பது அதற்கு ஏற்ற வகையா என்று பார்க்கவேண்டும். இயன்மருத்துவப் பிரிவுகளில் தசைக்குச் சூடு கொடுக்கப் பயன்படும் குற்றலை மின்வெப்பச் சிகிச்சையோ இவர்களுக்கு முற்றாக விலக்கு: அந்த அலையின் சக்தி கம்பி வழியே மின்வாயின் முனையில் குவிந்து, முண்ணாணை ஒட்டிய இழையத்தைச் சுட்டுவிடக்கூடும். கருவி அணைக்கப்பட்டிருந்தாலும் இந்த ஆபத்து நீங்காது.