மண்வெட்டி எப்படி மம்பட்டி ஆனது?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கட்டுரையில் 'தாத்தா மம்பட்டியால் மடை திறந்தார்' என்று எழுதினாள். ஆசிரியர் அந்தச் சொல்லைச் சுழித்து 'கொச்சை' என்று குறித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரரோ, அது ஆங்கிலச் சொல், எஸ்டிமேட்டில்கூட அப்படித்தான் எழுதுவார்கள் என்கிறார். எது சரி?"

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை முதலில் முடித்துவிடலாம். ஆங்கிலம்தான் நம்மிடமிருந்து வாங்கியது. 1886இல் வெளிவந்து 1903இல் மறுபதிப்புக் கண்ட ஹாப்சன்-ஜாப்சன் என்ற அகராதி, இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களைத் திரட்டியது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அதில் 'மமூட்டி' இருக்கிறது. பொதுப்பணித் துறை ஆவணங்களிலும் இலங்கை ஆங்கிலத்திலும் இன்றைக்கும் அது புழங்குகிறது. கவனியுங்கள், அவர்கள் எடுத்துக்கொண்டது மண்வெட்டி என்ற எழுத்து வடிவத்தை இல்லை. வேலை நடந்த இடத்தில் காதில் விழுந்ததை எடுத்துக்கொண்டார்கள்.

பெயரின் பொருள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மண் + வெட்டு + இ. கடைசியில் வரும் அந்த 'இ', செய்யும் ஆளையோ கருவியையோ குறிக்கும்: பாக்குவெட்டி, நகவெட்டி, மரங்கொத்தி, வழிகாட்டி. அப்படியானால் ஒரு கேள்வி வருகிறது. பாக்குவெட்டி பாக்குவெட்டியாகவே இருக்கிறது, நகவெட்டியும் அப்படியே. மண்வெட்டிக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? மம்மட்டி, மம்பட்டி, மம்முட்டி என்று ஊருக்கு ஒரு விதமாக ஏன் மாறியது?

விடை நம் வாய்க்குள் இருக்கிறது. ஆட்காட்டி விரலை உதட்டின் மேல் லேசாக வைத்துக்கொண்டு 'எண்பது' என்று நிதானமாகச் சொல்லுங்கள். அப்புறம், கடைக்காரரிடம் "எண்பது ரூபாயா?" என்று கேட்பதுபோல் வேகமாகச் சொல்லுங்கள். இரண்டாவது முறை, 'எ' முடிந்ததுமே உதடு மூடிக்கொள்வது விரலில் தெரியும். வெளியே வந்தது 'எம்பது'.

'ண்' சொல்ல நாநுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொட வேண்டும். அந்த நேரத்தில் உதடுகளுக்கு எந்த வேலையும் கிடையாது. அடுத்து வரப்போகிற 'ப'வுக்கோ, உதடு மட்டும்தான் வேண்டும். சாதாரணப் பேச்சில் நொடிக்குப் பத்துப் பதினைந்து ஒலிகள் வாயிலிருந்து வருகின்றன. இந்த வேகத்தில், சும்மா இருக்கிற உறுப்பு தன் முறை வரும்வரை காத்திருப்பதில்லை, முன்கூட்டியே கிளம்பிவிடுகிறது. நாக்கு 'ண்'ணை முடிப்பதற்குள் உதடு மூடிவிட்டால், மூக்கு வழியாக வரும் ஒலி 'ம்' என்றுதான் கேட்கும். ஆண்பிள்ளை ஆம்பளை ஆனதும், பெண்பிள்ளை பொம்பளை ஆனதும், ஒன்பது ஒம்பது ஆனதும் இப்படித்தான்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது, அப்போது நாக்கு என்ன செய்கிறது என்பதுதான். அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த கேத்தரின் ப்ரௌமன், லூயிஸ் கோல்ட்ஸ்டீன் இருவரும் 1990இல் ஒரு பதிவை எடுத்துக்காட்டினார்கள். பேசுகிறவரின் நாக்கிலும் உதட்டிலும் சின்னஞ்சிறு உலோக மணிகளை ஒட்டி, மெல்லிய எக்ஸ்-கதிரால் அவற்றின் அசைவைத் தொடர்ந்த பதிவு அது. 'பெர்ஃபெக்ட் மெமரி' என்று அவர் சரளமாகச் சொன்னபோது, முதல் சொல்லின் கடைசி 'ட்' காதில் விழவே இல்லை. விழுங்கிவிட்டார் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் மணிகளின் பாதையில் பார்த்தால், நாநுனி ஒழுங்காக மேலே போய்த் தன் வேலையைச் செய்திருக்கிறது! அதற்குள் 'ம'வுக்காக உதடு மூடிவிட்டதால் அந்த ஒலி வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

பெரியவர்களின் வாயில் இப்படி மறைந்து கிடக்கும் ஒலி, கேட்கிற குழந்தைக்கு எப்படித் தெரியும்? அதற்குக் கேட்டது 'ம்' மட்டும். அதையே சரியான சொல் என்று கற்றுக்கொள்கிறது. அதன் நாக்கு இனி 'ண்'ணுக்காக வளையவே வேண்டாம். ஒலி மாற்றத்தில் பேசுகிறவரைப் போலவே கேட்கிறவருக்கும் பெரும் பங்கு உண்டு என்று அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்த ஒலியியல் அறிஞர் ஜான் ஓஹாலா 1981இலேயே எழுதினார். 'சோம்பேறி நாக்கு' என்று திட்டுகிற பழக்கத்தை விட இந்த விளக்கம் எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

சரி, மண்வெட்டிக்கு வருவோம். இங்கே 'ண்'ணுக்குப் பின் வருவது 'வ'. பல்லும் இதழும் இயைய வகாரம் பிறக்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறது, அதாவது இதுவும் உதட்டு வேலைதான். உதடு முந்திக்கொண்டு மூட, 'ண்' 'ம்' ஆகிறது. மூடிய உதடு 'வ'வுக்காகப் பாதி திறக்க வேண்டும். வேகத்தில் அது திறக்காமல் கொஞ்சம் கூடுதலாக மூடியே இருந்துவிட்டால் என்ன ஆகும்?

இந்த இடத்தில் இன்னோர் உறுப்பு சேர்ந்துகொள்கிறது. உள்நாக்குத் தொங்குகிற இடத்தில் இருக்கும் மெல்லண்ணம், மூக்குக்குப் போகும் வழிக்குக் கதவு மாதிரி. ம், ண், ன் சொல்லும்போது கதவு திறந்திருக்கும், ப, வ, ட சொல்லும்போது மூடியிருக்கும். சளி பிடித்த நாளில் மூக்கு அடைத்துக்கொண்டு 'அம்மா' கிட்டத்தட்ட 'அப்பா' மாதிரி ஒலிக்கிறதே, அதற்குக் காரணம் இந்த வழி அடைபட்டதுதான்.

மூடிய உதடு திறக்கும்வரை மூக்கின் கதவும் திறந்தே இருந்தால், வருவது 'ம்ம': மம்மட்டி. உதடு திறப்பதற்கு ஒரு கணம் முன்னால் கதவு மூடிக்கொண்டால், வருவது 'ம்ப': மம்பட்டி. எந்த ஊர்ச் சொல் 'சரி' என்று இரண்டு ஊர்க்காரர்கள் சண்டை போட்டுக்கொள்ளும் வேறுபாடு, மெல்லண்ணம் ஒரு நொடியின் சிறு துளி முந்துவதிலும் பிந்துவதிலும் இருக்கிறது. நடுவில் இருந்த 'எ' அழுத்தம் இல்லாமல் 'அ'வாகவோ 'உ'வாகவோ தேய்ந்தது சாதாரண விஷயம். பாக்குவெட்டி தப்பித்ததற்கும் காரணம் இப்போது தெரிந்திருக்கும். அங்கே 'வ'வுக்கு முன் மூக்கொலி இல்லை, ஓர் உயிரெழுத்து நிற்கிறது.

இந்தக் கதவு தமிழர்களின் வாயில் மட்டும் இப்படி நடந்துகொள்வதில்லை. எண்ணைக் குறிக்கும் லத்தீன் 'நூமெருஸ்' தேய்ந்து, 'ம்' நேராக 'ர'வோடு ஒட்டியபோது, பிரெஞ்சில் 'ப' ஒன்று இடையில் முளைத்தது. அதுதான் ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்த 'நம்பர்'. நம்பரில் இருக்கும் 'ப'வும் மம்பட்டியில் இருக்கும் 'ப'வும் ஒரே வேலையின் விளைவு.

அந்தச் சுழித்த சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மரம் + கொத்தி, மரங்கொத்தி ஆகிறது. உதட்டில் பிறக்கும் 'ம்', தொண்டைப் பக்கம் பிறக்கும் 'க'வுக்காக 'ங்' ஆகிறது. மகர ஈறு வல்லினத்துக்கு இனமாகத் திரியும் என்று நன்னூல் இதற்கு விதி சொல்கிறது, தேர்வில் மதிப்பெண்ணும் உண்டு. செம்மை + தமிழ் 'செந்தமிழ்' ஆவதும் இதே இனமாதல்தான். 'ண்'ணுக்குப் பின் 'வ' வந்தால் இயல்பாக நிற்கும் என்பது இலக்கணம், அதனால் தேர்வில் மண்வெட்டி என்றுதான் எழுத வேண்டும். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் செந்தமிழைச் செய்த அதே வாய் மம்பட்டியைச் செய்யும்போது, அதைக் கொச்சை என்று ஒரு குழந்தையிடம் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பேச்சுச் சொல் என்று சொல்லிக்கொடுத்தால் போதுமே.

இன்னொரு வருத்தமும் உண்டு. தமிழின் பழமை பற்றிய மேடைகளுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு பங்காவது, ஊர் ஊராகப் போய் உழவர்களின் குரலைப் பதிவு செய்யப் போக வேண்டும். நாக்கின் அசைவைப் பார்க்க இப்போது எக்ஸ்-கதிர்கூட வேண்டாம், தாடைக்கு அடியில் வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியே போதும். மம்பட்டி பிடித்த தலைமுறை வயதாகிக்கொண்டு போகிறது.

எங்கள் தாத்தா வயலில் நின்று "டேய், அந்த மம்பட்டிய எடுத்துட்டு வா" என்று கூப்பிடுவார். பிடி ஆடினால் வரப்பில் உட்கார்ந்து ஆப்பு வைத்துத் தட்டுவார். அதே தாத்தா, சந்தைக்குப் போகுமுன் வாங்க வேண்டியதை எனக்குச் சொல்லி எழுதவைக்கும்போது, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி "மண்… வெட்டி… ஒண்ணு" என்பார். அந்த 'ண்'ணுக்கு அவருடைய நாக்கு நன்றாகவே வளைந்தது.