பழைய லேண்ட்ரோவர் வாங்குமுன் அடியில் படுத்துப் பாருங்கள்

'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்ற விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கட்டிவிட்டு, அதன் பிறகு வண்டியைப் பரிசோதிக்க என்னை அழைப்பவர்கள் இங்கிலாந்தில் குறைவதாகவே தெரியவில்லை. அண்மையில் வந்தது 1969ஆம் ஆண்டு சீரிஸ் 2ஏ லேண்ட்ரோவர், முன்பின் சக்கர அச்சுகளுக்கு இடையே 88 அங்குலம் உள்ள வகை. அடர்பச்சை வண்ணமும் புதிய இருக்கைகளுமாகப் பார்த்தவுடன் வாங்கத் தூண்டும் வண்டி. லிஃப்டில் ஏற்றி, பின்புறக் குறுக்குச் சட்டத்தின் கறுப்புப் பூச்சைத் திருப்புளியால் அழுத்தினேன். திருப்புளி பிடி வரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது ஈரத் துருச் செதில்கள் கை நிறையக் கொட்டின. "லேண்ட்ரோவர் அலுமினியம் அல்லவா, அது எப்படித் துருப்பிடிக்கும்?" என்று கேட்டார் வாங்கியவர்.

இந்தக் கேள்வியை இனியும் தாங்க முடியாது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். 1948இல் இந்த வண்டி முதன்முதலில் வந்தபோது, போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகு பங்கீட்டில் இருந்தது. அதனால்தான் வெளித்தகடுகளைப் பிர்மாபிரைட் என்னும் அலுமினியக் கலவையில் செய்தார்கள். வெளித்தகடுகளை மட்டுமே! அவற்றைத் தாங்கும் அடிச்சட்டமான சேசிஸ், எஃகுத் தகடுகளை வெட்டிப் பெட்டி வடிவில் வெல்டிங் செய்தது. எஞ்சின் அறையையும் ஓட்டுநர் அறையையும் பிரிக்கும் முன்சுவரும் எஃகுதான். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் சேறும் சேசிஸின் துளைகள் வழியாக உள்ளே புகுந்து தங்கிவிடுவதால், அரிப்பு உள்ளிருந்தே தொடங்குகிறது. வெளியே புள்ளி தெரியும்போது உள்ளே தகடு பாதி போயிருக்கும். அலுமினியமாவது தப்புமா என்றால் அதுவும் இல்லை. எஃகுச் சட்டத்தின்மீது அலுமினியத் தகடு போர்த்திய கதவுகளில், இரண்டு உலோகங்களும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருப்பதால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்கிறது. கதவின் அடி விளிம்பில் வண்ணம் கொப்புளித்திருந்தால் காரணம் இதுதான். கதவில் காந்தத்தை வைத்து, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிப் பசையைத் தேடுபவர்களையும் பார்த்திருக்கிறேன். அலுமினியத்தில் காந்தம் எப்போதுமே ஒட்டாது. காந்தத்தைச் சேசிஸில் வையுங்கள்.

சேசிஸில் புதிதாகப் பூசிய கனத்த கறுப்புப் பூச்சு எனக்கு மகிழ்ச்சி தருவதில்லை, அதன் அடியில் ஒட்டுத் தகடுகள் இருக்கக்கூடும். உண்மையாகப் புதுப்பித்தவர் உடற்பகுதியைக் கழற்றியிருப்பார். கழற்றியவர் பெரும்பாலும் படமும் எடுத்திருப்பார். அந்தப் படங்களையும், துத்தநாக முலாம் பூசிய புதிய சேசிஸ் போட்டிருந்தால் அதன் ரசீதையும் கேளுங்கள். முன்சுவரில் கால் வைக்கும் பள்ளங்களையும் கதவுத் தூண்களின் அடியையும் பாய் விரிப்பை விலக்கிப் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் அதை முதலில் கிளப்ப வேண்டும். நீங்கள் போவதற்கு முன்பே சூடேற்றி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள்.

40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு 2018 மே முதல் எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயம் இல்லை. இந்த விலக்கு தகுதிச் சான்று அல்ல. சாலையில் ஓடத் தகுந்த நிலையில் வண்டியை வைத்திருக்கும் சட்டப் பொறுப்பு உங்கள் தலையில்தான் இருக்கிறது. சுருள் ஸ்பிரிங் பொருத்திய ரேஞ்ச்ரோவர் சேசிஸின் மேல் பழைய உடலை ஏற்றி, பழைய பதிவெண்ணில் விற்பதும் நடக்கிறது. சீரிஸ் வண்டிகள் அனைத்தும், எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த பட்டை ஸ்பிரிங்கோடுதான் தொழிற்சாலையை விட்டு வந்தன. எனவே 1972 என்று சொல்லப்படும் வண்டியில் சுருள் ஸ்பிரிங்கைக் கண்டால் அந்த இடத்திலேயே கேள்வி கேளுங்கள். சேசிஸில் பொறித்த எண்ணை வி5சி என்னும் வண்டிப் பதிவுப் பத்திரத்தோடு ஒப்பிடுங்கள்; அது உடைமைச் சான்று அல்ல என்று அந்தப் பத்திரத்திலேயே சொல்லியிருப்பதால், முந்தைய விற்பனை ரசீதுகளும் தேவை.

தயவுசெய்து முன்பணம் அனுப்புவதற்கு முன், உங்கள் செலவிலேயே எம்.ஓ.டி. சோதனை செய்துதரும்படி விற்பவரிடம் கேளுங்கள். காருக்கு அதன் உச்சக் கட்டணம் 54.85 பவுண்டு. அதற்கும் அவர் மறுத்தால், அந்த வண்டியைப் பார்க்க என்னை அழைக்க வேண்டிய தேவையே இல்லை.