பிடுங்கிய நகமும் எக்ஸ்ரேயில் தெரியாத வெடிப்பும்

'ஃப்ளெஷ் அண்ட் போன்' தொடரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது அந்த நகத்தைப் பற்றித்தான். 2015 நவம்பரில் அமெரிக்காவின் ஸ்டார்ஸ் சேனலில் தொடங்கிய தொடர், மொத்தம் எட்டே எபிசோட். பிட்ஸ்பர்க்கில் இருந்து நியூயோர்க்குக்கு ஓடிவந்து ஒரு பாலே குழுவில் சேரும் கிளேர், தொடக்கத்திலேயே தன் கால்விரல் நகத்தைத் தானே பிடுங்குவாள். "உண்மையாகவே இப்படி நடக்குமா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்பார்கள்.

நான் ரொறன்ரோவில் பிசியோதெரபிஸ்ட். நடனமாடும் பிள்ளைகள் நிறைய வருவார்கள். ஒரே கிழமையில் பாலே வகுப்புக்கும் பரதநாட்டிய வகுப்புக்கும் ஓடுகிற எங்கள் பிள்ளைகளும் அதில் உண்டு. நகம் கழல்வது உண்மைதான். விரல் நுனியில் நின்று ஆடப் போடும் பொயின்ட் ஷூவின் இறுகிய முன்பக்கத்துக்குள் விரல்கள் நெரிபட்டு, நகத்துக்குக் கீழே இரத்தம் கட்டி, கறுத்து விழும். பெருவிரல் நகம் முழுதாக வளர ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும். கையால் பிடுங்கினால் சீழ் பிடிக்கும், அதை மட்டும் செய்யாதீர்கள். மற்றபடி நகம் போனதால் நடனத்தையே விட்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

தொடரைப் பற்றிய பேச்சு அப்போதே இரண்டாகப் பிரிந்தது. நிஜ நடனக்காரர்களையே நடிக்க வைத்ததைப் பலர் மெச்சினார்கள். கிளேராக வரும் சாரா ஹே, ஜேர்மனியின் ட்ரெஸ்டனில் செம்பர்ஓப்பர் பாலேயில் ஆடியவர். தொடரில் நடித்த இரீனா ட்வொரவென்கோவும் சாஷா ரடெட்ஸ்கியும் அமெரிக்கன் பாலே தியேட்டர் என்ற குழுவின் மேடையில் இருந்து வந்தவர்கள். 'பிளாக் ஸ்வான்' என்ற பாலே படத்தில் நாயகி எவ்வளவு ஆடினார், அவருக்குப் பதிலாக ஆடிய நடனக்காரர் எவ்வளவு ஆடினார் என்று 2011இல் கிளம்பிய சர்ச்சைக்குப் பிறகு இது சின்ன விஷயமல்ல. ஆனால் கொடுமைக்கார இயக்குநர், போதைப்பொருள், ஸ்ட்ரிப் கிளப் என்று கதை போன போக்கில், பாலே என்றாலே இருட்டுத்தானா என்று பலருக்குச் சலித்துவிட்டது. எனக்கும்தான். அதற்காக எல்லாமே மிகை என்று தள்ளிவிடவும் முடியாது. வியன்னா ஸ்டேட் ஓப்பராவின் பாலே பள்ளியை 2019இல் விசாரித்த குழு, உடம்பு மெலிந்திருக்க மாணவர்களைப் புகைபிடிக்கத் தூண்டியதாகவே அறிக்கை கொடுத்தது. இதைத் திரைக்கதையில் எழுதியிருந்தால் நம்பியிருப்போமா தெரியாது.

எனக்குக் கவலை தருவது வேறு ஒரு பேச்சு. "இரத்தம் வழிய வழிய ஆடுறாள், என்ன அர்ப்பணிப்பு!" பெரியவர்கள் சோபாவில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது பக்கத்தில் 14 வயதுப் பிள்ளை இருக்கிறாள். நோவைச் சொல்லாமல் மறைக்க அவள் அங்கேதான் படிக்கிறாள்.

கிளினிக்கில் இது எப்படி வரும் என்று சொல்கிறேன். தாய்தான் பேசுவார்: "எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்பில ஒண்டும் இல்லையாம். அடுத்த மாசம் ஷோ இருக்கு. ஆடலாம்தானே, தங்கச்சி?" பாதத்தின் மேற்புறத்தில், இரண்டாவது விரலுக்கு நேர் பின்னே, நடுப்பாதத்தில் பெருவிரலால் அழுத்துவேன். பிள்ளை காலை வெடுக்கென்று இழுப்பாள். அந்தக் காலில் மட்டும் துள்ளச் சொன்னால் துள்ளமாட்டாள்.

இரண்டாவது விரலுக்குப் பின்னே நீளும் அந்தப் பாத எலும்பின் அடி, பக்கத்து எலும்புகளுக்கு நடுவே ஆப்பு மாதிரி இறுகியிருக்கும். பொயின்டில் நிற்கும்போது வரும் பாரத்துக்கு அது அசைந்து கொடுக்காது. திரும்பத் திரும்பச் சுமந்து ஒருநாள் மயிரிழையாக வெடிக்கும். முதல் இரண்டு மூன்று கிழமைக்கு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்ஆர்ஐ எடுத்தால் பிடிபடும். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், தொழில்முறை பாலே குழு ஒன்றின் 52 பேருக்கு ஒரே வருடத்தில் 355 காயங்கள். அதில் பாதிக்கு மேல் இப்படி மெல்ல மெல்லச் சேர்ந்தவை. விழுந்து முறிந்தால் கமெராவுக்கு வேலை இருக்கும், இதில் என்ன இருக்கிறது காட்ட?

அடுத்து நான் கேட்பது மாதவிடாய் பற்றி. ஒழுங்காக வருவதில்லை என்றால், அப்போதும் தாய்தான் பதில் சொல்வார்: "டான்ஸ் ஆடுற பிள்ளையளுக்கு அப்பிடித்தானாம், டீச்சர் சொன்னவா." அப்படியில்லை. ஆடும் அளவுக்குச் சாப்பாடு போதாவிட்டால் உடம்பு சிக்கனம் பிடிக்கும். ஹோர்மோன் குறையும், மாதவிடாய் நிற்கும், எலும்பின் அடர்த்தி குறையும். ஆண்களுக்கும் இந்தப் பற்றாக்குறை வரும் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் சொன்னது, 2023இல் அதைப் புதுப்பித்தது. நடன உலகுக்கு இது பழைய செய்தி. 1986இலேயே 75 பாலே நடனக்காரரை ஆராய்ந்து, பூப்படைவது பிந்துவதற்கும் எலும்பு முறிவுக்கும் முதுகெலும்பு வளைவுக்கும் தொடர்பு இருப்பதாக எழுதிவிட்டார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2014ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பாலே ஆடுகிறவர்களில் 100க்கு 16 பேருக்கு உணவுக் கோளாறு என்கிறது.

ஆகவே 15 வயதாகியும் பூப்படையாவிட்டால், அல்லது வந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றால், குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். இரும்புச்சத்தும் விட்டமின் டியும் பார்க்கச் சொல்லுங்கள். கனடாக் குளிர்காலத்தில் நாள் முழுக்க ஸ்டூடியோவுக்குள் நிற்கும் எங்கள் நிறத்துப் பிள்ளைக்கு விட்டமின் டி குறைவது சாதாரணம். எலும்பில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் நோ இருந்து, ஓய்விலும் இரவிலும் நொந்தால், எக்ஸ்ரே சுத்தமாக வந்ததை வைத்து ஷோவுக்கு அனுப்பவேண்டாம். எடையைக் குறைக்கச் சொல்லும் ஆசிரியரிடம், எந்த வைத்தியர் சொன்னார் என்று கேளுங்கள்.

ஓய்வு என்றால் முழுக்க வீட்டில் இருப்பது என்று பிள்ளைகள் பயப்படுகிறார்கள், அதனால்தான் மறைக்கிறார்கள். வெடிப்பு ஆறும்வரை பொயின்டும் துள்ளலும் கிடையாது. ஆனால் வழக்கமாகக் கம்பியைப் பிடித்து நின்று செய்யும் பார் பயிற்சியைத் தரையில் படுத்தபடி செய்வது, கைகள், தலை திருப்பம் எல்லாம் செய்யலாம். வகுப்புக்குப் போய் ஓரத்தில் இருந்து நடன அமைப்பைப் பாடமாக்கலாம். திரும்ப ஆடும்போது முதலில் வெறுங்கால், பிறகு மென்ஷூ, கடைசியாகத்தான் பொயின்ட்.