புத்தகத்தைப் பிடுங்கும் முன், எங்கே கோடு போட்டிருக்கிறான் என்று பாருங்கள்

ஒரு நாவலைப் படித்துப் பையன் கெட்டுப்போனான் என்று இனி யாராவது வந்தால், பேச்சை ஆரம்பிக்கும் முன் இந்தக் கட்டுரையைத்தான் படிக்கக் கொடுக்கப் போகிறேன். ஈரோட்டில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் திருச்செங்கோடு, ராசிபுரம், பெருந்துறைப் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் படிப்பவர்கள். இந்த வருடம் ஒரே புகார் திரும்பத் திரும்ப வருகிறது. கண்ட புத்தகத்தையும் படிக்கிறானாம், எதிர்த்துப் பேசுகிறானாம், ஆகவே புத்தகம்தான் காரணமாம்.

கடைசியாக வந்தவன் பதினோராம் வகுப்புப் பையன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதச் சொன்னது அவனும் அவன் அம்மாவும்தான். அப்பாவுக்கு ரிக் வண்டித் தொழில். ஆழ்துளைக் கிணறு போட மத்தியப் பிரதேசம் போனால் மாதக்கணக்கில் அங்கேதான். அம்மாதான் கூட்டி வந்தார். உட்கார்ந்ததும் மஞ்சப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். விடுதிக் காப்பாளர் அவன் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்ததாம். "நல்ல புள்ளைங்க மேடம். இந்த புக்கு கைக்கு வந்ததுக்கு அப்புறந்தானுங்க இப்படி லொள்ளு பேசறான். கெட்ட வார்த்தையெல்லாம் இருக்குதுன்னு வார்டன் சொன்னாருங்க."

'தி கேட்சர் இன் த ரை.' ஜே. டி. சாலிஞ்சர் எழுதி 1951இல் வெளிவந்த அமெரிக்க நாவல். கதை சொல்பவன் ஹோல்டன் கால்ஃபீல்ட், சம்பவங்கள் நடக்கும்போது பதினாறு வயது. நான்கு பாடங்களில் தோற்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பே விடுதிப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்படுகிறான். வீட்டுக்குச் சொல்லாமல் நியூயார்க்கில் சுற்றுகிறான். பார்க்கிற ஆளையெல்லாம் போலி என்று திட்டுகிறான். சிகரெட், குடி, பொய் எல்லாம் உண்டு. அமெரிக்காவிலேயே பல பள்ளிகள் பல காலம் இதை நூலகத்திலிருந்து எடுக்கப் பார்த்தன. நம் பக்கத்துப் பள்ளிகள் இதைப் பாடமாக வைக்கவில்லை. நூலக அலமாரியில் இருக்கிறது, ஆங்கிலம் நன்றாக வரும் பிள்ளைகள் எடுத்துப் படிக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் பையனிடம் எதுவும் கேட்கவில்லை. புத்தகத்தைப் புரட்டினேன். எங்கும் எதுவும் எழுதாமல் சுத்தமாக வைத்திருந்தான். ஒரே ஓர் இடத்தில் மட்டும் பென்சில் கோடு. தம்பியின் இறுதிச் சடங்கில் தான் இல்லை, அப்போது கையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று ஹோல்டன் சொல்லும் இடம். ஓரத்தில் சின்ன எழுத்தில், தமிழில், "நானும் போகலை."

அம்மாவிடம் திரும்பி, வீட்டில் சமீபத்தில் யாராவது இறந்தார்களா என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. "அவங்க அப்பிச்சி போயிட்டாருங்க, புரட்டாசில. காலாண்டுப் பரீட்சை நடந்துட்டு இருந்துச்சு. முடியட்டும்னு சொல்லலைங்க." அப்பிச்சி என்றால் எங்கள் பக்கத்தில் அம்மாவின் அப்பா, அம்மாயி என்றால் அம்மாவின் அம்மா. பையன் காலாண்டு விடுமுறைக்கு வந்து, அம்மாயி வீட்டுத் திண்ணையில் கயிற்றுக் கட்டில் சாத்தி வைத்திருப்பதைப் பார்த்து, அப்பிச்சி எங்கே என்று கேட்டபோதுதான் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் கருமாதியும் முடிந்துவிட்டது. சின்ன வயதில் அவனை வளர்த்தது அந்த அப்பிச்சிதான்.

இப்போது கணக்குப் பாருங்கள். அப்பிச்சி போனது புரட்டாசியில். பையன் சரியாகத் தூங்குவதில்லை என்று அறையில் கூட இருப்பவர்கள் சொல்வது ஐப்பசியிலிருந்து. அரையாண்டில் மதிப்பெண் சரிந்தது மார்கழியில். நூலகத்திலிருந்து அந்தப் புத்தகம் அவன் கைக்கு வந்தது தை பிறந்த பிறகு. நூலகப் பதிவேட்டில் தேதி இருக்கிறது, நானே பார்த்தேன். நோய் வந்து மூன்று மாதம் கழித்துக் கைக்கு வந்த புத்தகம் எப்படி நோய்க்குக் காரணமாக இருக்க முடியும்?

இதைத்தான் நான் எத்தனை பேரிடம் சொல்வது! கோபம் புத்தகத்திலிருந்து பிள்ளைக்குப் போவதில்லை. கோபமாக இருக்கும் பிள்ளைதான் தன்னைப் போல ஒருவனைத் தேடிப் புத்தகத்துக்குப் போகிறது. வீட்டில் யாரும் கேட்காததை, விடுதியில் யாரிடமும் சொல்ல முடியாததை, அமெரிக்காவில் ஒருவன் இத்தனை வருடம் முன்னாலேயே சொல்லிவிட்டான் என்று தெரியும்போது அந்தப் பிள்ளைக்கு மூச்சு வருகிறது. அதனால்தான் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறான். அதைப் போய்ப் பிடுங்கினால், அவனுக்கு இருந்த ஒரே பேச்சுத் துணையையும் பறித்த மாதிரிதான். ஒரு காப்பாளர் என்னிடம், 1980இல் ஜான் லெனனைச் சுட்டவன் கையில் இந்தப் புத்தகம்தான் இருந்தது என்று ஏதோ வீடியோவில் பார்த்ததாகச் சொன்னார். உண்மைதான், இருந்தது. அவன் இருபத்தைந்து வயது ஆள், ஏற்கெனவே மனநோய் முற்றியிருந்தவன். இதே புத்தகத்தைக் கோடிக்கணக்கானவர்கள் படித்துவிட்டு வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்தினார்கள். அவர்களைப் பற்றி யாரும் வீடியோ போடுவதில்லை. ஒரு கொலைகாரன் கையில் இருந்ததென்றால் அது ஆயுதம் ஆகிவிடுமா? அவன் சட்டை கூடத்தான் போட்டிருந்தான்.

இன்னொன்றையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வராது. எரிச்சலாக, எடுத்தெறிந்து பேசுவதாக, "எல்லாமே வேஸ்ட்" என்பதாக வரும். மருத்துவர்கள் வைத்திருக்கும் வரையறையிலேயே, இந்த வயதினருக்குச் சோகமான மனநிலைக்குப் பதிலாக எரிச்சலையும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. நீங்கள் லொள்ளு என்று நினைப்பது பல நேரம் துக்கம்.

ஹோல்டனுக்கும் அதுதான். அவனுக்குப் பதின்மூன்று வயதில் தம்பி ஆலி ரத்தப் புற்றுநோயில் இறந்துபோகிறான். அந்த இரவு வாகனக் கொட்டகையில் படுத்திருந்து, கண்ணாடிகளையெல்லாம் கையால் குத்தி உடைக்கிறான். தம்பி பச்சை மையில் கவிதைகள் எழுதிவைத்த பேஸ்பால் கையுறையை விடுதியில் தன் பெட்டியிலேயே வைத்திருக்கிறான். கடைசியில் தெருவைக் கடக்கும் ஒவ்வொரு முறையும், தான் காணாமல் போய்விடுவோமோ என்று பயந்து, செத்துப்போன தம்பியிடமே காப்பாற்றச் சொல்லிக் கெஞ்சுகிறான். திமிர் பிடித்தவன் என்று முத்திரை குத்துபவர்கள் இந்தப் பக்கங்களுக்கு வருவதே இல்லை. முதல் இருபது பக்கத்துக் கெட்ட வார்த்தையோடு மூடி வைத்துவிடுகிறார்கள்.

ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை நடத்தும் வாசிப்பு வட்டத்தில் நானும் உட்காருவது உண்டு. இந்த நாவலுக்குப் பிள்ளைகள் காட்டும் எதிர்வினையைப் பார்த்தால், "படித்தால் அவனை மாதிரி ஆகிவிடுவார்கள்" என்ற பயமே அர்த்தமற்றது என்று தெரியும். பாதிப் பேருக்கு அவனைப் பிடிப்பதே இல்லை. குமாரபாளையம் பக்கம் தறி ஓட்டும் வீட்டுப் பெண் ஒருத்தி கோபத்தில் எழுந்தே நின்றுவிட்டாள். "அவங்கப்பா கட்டின ஃபீஸ் எவ்வளவு மேடம்? நாலு பாடத்துல ஃபெயில் ஆயிட்டு டாக்ஸியில சுத்தறான். எங்கப்பா ராத்திரி ஷிஃப்டும் பார்த்துதான் எனக்குக் கட்டறாரு. இவனுக்கு என்ன குறைச்சல்?" ஆசிரியைக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது, பொறுப்பான பெண் என்று பாராட்டினார். எனக்கு அவளைப் பற்றித்தான் கவலை வந்தது. ஒரு பாடத்தில் தோற்றால் கூட அப்பாவின் ராத்திரித் தூக்கத்துக்குத் தான் துரோகம் செய்வதாக நினைக்கும் பெண் அவள். தோற்கவே அனுமதி இல்லாத பிள்ளைக்கு, தோற்றுவிட்டு நடமாடுகிற ஹோல்டனைப் பார்த்தால் ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? அப்புறம் தனியாகப் பேசினேன். கணக்குத் தேர்வு என்றால் முந்தின நாளிலிருந்தே வாந்தி எடுக்கிறாளாம், வீட்டில் யாருக்கும் தெரியாது.

இந்த நாவலைப் பிடிக்காத பிள்ளை நல்ல பிள்ளை, பிடித்த பிள்ளை கெட்ட பிள்ளை என்று பிரிக்கிற ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன்: அப்படிப் பிரிக்கவே முடியாது. பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டாம். எந்தப் பக்கத்தில் குரல் உயர்ந்தது, எந்தப் பக்கத்தில் சட்டென்று பேச்சு நின்றது என்று பாருங்கள். எங்கள் தொழிலில் பாதி வேலை அதைக் கவனிப்பதுதான்.

ஜேன் என்ற பெண் வரும் இடத்தைப் பையன்கள் காதல் கதை என்று தாண்டிப் போனார்கள். அவளும் ஹோல்டனும் கட்டம் போட்ட பலகையில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அவளுடைய மாற்றாந்தகப்பன் வந்து வீட்டில் சிகரெட் இருக்கிறதா என்று கேட்கிறான். அவள் பதிலே சொல்வதில்லை. அவன் போன பிறகு அவள் கண்ணிலிருந்து ஒரு சொட்டு பலகையின் சிவப்புக் கட்டத்தில் விழுகிறது, அதை விரலால் தேய்த்துவிடுகிறாள். அந்தப் பக்கத்தில் நின்றது பெண் பிள்ளைகள்தான். "அவ ஏன் மேடம் பதில் சொல்லலை?" என்று ஒருத்தி கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலிருந்து, வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் பற்றி அன்றைக்கு வந்த பேச்சை நான் எத்தனை விழிப்புணர்வு முகாம் நடத்தினாலும் வரவழைத்திருக்க முடியாது. ஹோல்டனே, தூங்கும்போது முன்னாள் ஆசிரியர் தன் தலையைத் தடவியதில் பதறி எழுந்து ஓடும்போது, இந்த மாதிரி தனக்குச் சின்ன வயதிலிருந்து இருபது முறை நடந்திருக்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறான். அந்த ஒரு வரியைப் பெரியவர்கள் யாருமே நினைவில் வைத்திருப்பதில்லை. பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள். அந்த வரியில் கோடு போட்ட புத்தகம் உங்கள் கையில் கிடைத்தால், தயவுசெய்து அதைக் கெட்ட வார்த்தைக்காக அலுவலகத்தில் பூட்டி வைக்காதீர்கள். பிள்ளையிடம் பேசுங்கள். பிள்ளைக்கு அப்படி ஏதாவது நடந்தது தெரியவந்தால் மறைக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

சரி, மரணச் செய்திக்கு வருகிறேன். நம் பக்கத்தில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. பிள்ளை விடுதியில் இருக்கிறது, பரீட்சை நடக்கிறது, நீட் கோச்சிங் இருக்கிறது, ஆகவே சொல்ல வேண்டாம். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள், தெரியும். ஆனால் பிள்ளைக்கு அது எப்படிப் போய்ச் சேர்கிறது என்று யோசியுங்கள். என்னைத் தவிர எல்லோரும் கும்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள், எனக்கு அந்த உரிமை இல்லை, என் அப்பிச்சியை விட என் காலாண்டு மதிப்பெண் பெரிது என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பையன் என்னிடம் வாயைத் திறந்தபோது முதலில் சொன்னதே இதைத்தான்: "அந்தப் பரீட்சைல எண்பத்தேழு மேடம். யாருக்கு வேணும்?"

ஆகவே, சொல்லிவிடுங்கள். அன்றைக்கே சொல்லுங்கள். பெற்றோரில் ஒருவர் நேரில் போய்ச் சொல்லுங்கள். முடியாவிட்டால் காப்பாளருக்கு முதலில் தெரிவித்து, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போனில் சொல்லுங்கள். "அப்பிச்சி இறந்துட்டார், கண்ணு" என்று நேராகச் சொல்லுங்கள். "உடம்பு சரியில்லை, வா" என்று பொய் சொல்லி அழைத்துப்போய் வாசலில் பந்தலைப் பார்க்க வைக்காதீர்கள். ஒன்றுவிட்ட அண்ணன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கண்ணீர் அஞ்சலி போட்டு, அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள விடாதீர்கள். வருகிறாயா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் கட்டாயப்படுத்த வேண்டாம், வருகிறேன் என்றால் தடுக்க வேண்டாம். ஒரு தேர்வு போனால் போகட்டும், மறுபடி எழுதிக்கொள்ளலாம்.

ஏற்கெனவே மறைத்துவிட்டீர்களா? இப்போதாவது உட்கார்ந்து, "சொல்லாம விட்டது தப்புதான் சாமி" என்று சொல்லுங்கள். அந்த அம்மா சொன்னார். அப்பா ஊரிலிருந்து வந்ததும் பையனைக் கூட்டிக்கொண்டு பவானி கூடுதுறைக்குப் போய், அவன் கையாலேயே திதி கொடுக்கவைத்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தூங்குகிறான், சாப்பிடுகிறான், என்னிடம் வந்துகொண்டிருக்கிறான்.

பள்ளிகளுக்கு: பிள்ளை மாறிவிட்டான் என்றால் எப்போதிலிருந்து என்று முதலில் கேளுங்கள். கையில் என்ன புத்தகம் என்பதைப் பிறகு பார்க்கலாம். எரிச்சலோ, தூக்கமின்மையோ, சாப்பாடு குறைவதோ, யாரோடும் சேராமல் இருப்பதோ இரண்டு வாரத்துக்கு மேல் போனால் ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ அனுப்புங்கள். தண்டனைக்கு அனுப்புகிற மாதிரி அனுப்பாதீர்கள். இந்த நாவலை வட்டமாக உட்கார்ந்து படிக்கவைப்பதாக இருந்தால், சக மாணவர்களின் கொடுமையில் உயிரை விடும் ஜேம்ஸ் காசில் என்ற மாணவன் அதில் வருகிறான் என்பதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அந்த வாரம் ஆலோசகர் பள்ளியில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வாழ்ந்து என்ன பயன் என்ற மாதிரி ஒரு பிள்ளை பேசினாலோ, எழுதினாலோ, தனக்குப் பிடித்த பொருளையெல்லாம் அடுத்தவருக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். உயிரை விடுகிற எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்க ஆள் இருக்கிறார் என்ற ஆறுதல்தான் வரும். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். தமிழ்நாட்டின் மருத்துவ உதவி எண் 104 இருக்கிறது, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. மூன்று எண்களையும் விடுதி அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒட்டினால் போதாது. பிள்ளைகள் பேசும் போன் எங்கே இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். அந்த எண்களுக்குப் பேச வாரக் கடைசி வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள்.